எங்கள் பகுதிக்கான மானியத்தை எங்கள் வாக்கு தீர்மானிக்க வேண்டும்

மதிப்புக்குரிய சமுதாய மானியக் குழுத் தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

அடுத்த ஆண்டிற்கான உள்ளூர் சமுதாய மானியத்தை எவ்வாறு செலவிடுவது என்பதைக் குடியிருப்பாளர்களின் வாக்கெடுப்பு வழியாக முடிவு செய்ய வேண்டும் என்று எங்கள் பகுதியினர் கையெழுத்திட்டு அளித்த மனுவை, மானிய ஒதுக்கீடு தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கு உரியது, பொது வாக்கெடுப்புக்கு ஏற்றதன்று என்று ஒற்றை வரியில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அதே வாரத்தில், மூடிய அறையில் நடந்த கூட்டத்தின் முடிவாக, மானியம் பெறுவோரின் பட்டியலையும் வெளியிட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் பெயர்களும் தொகைகளும் இருக்கின்றன. எந்த விண்ணப்பம் எந்தக் காரணத்தால் ஏற்கப்பட்டது, எது ஏன் விடப்பட்டது என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. இந்த இரண்டையும் அமைதியாக ஏற்றுக்கொள்ள முடியாது என்பதாலேயே இம்மடலை எல்லோரும் படிக்கும்படியாக எழுதுகிறேன்.

பகல் முழுவதும் வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் சிறிய தன்னார்வக் குழு ஒன்றில் நான் பணியாற்றுகிறேன். எங்கள் குழுவில் சம்பளம் பெறுவோர் எவரும் இல்லை. உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்படும் விண்ணப்பங்களை நிரப்பும் வேலை பெரும்பாலும் என்னிடம் வரும். பொதுமண்டபத்தின் நுழைவாயிலில் உள்ள படிகளுக்கு அருகில் ஒரு சாய்தளமும் கைப்பிடியும் அமைத்துத் தருமாறு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். படியேற முடியாதவர்கள் அந்த மண்டபத்தில் நடக்கும் எந்த நிகழ்வுக்கும் வர முடிவதில்லை. வந்தாலும், இரண்டு பேர் தோளில் தாங்கித் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது, அதை அவர்கள் அவமானமாக உணர்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எங்களுக்கு வரும் பதில், விண்ணப்பம் மானியத்தின் நோக்கங்களுடன் பொருந்தவில்லை என்பதுதான். எந்த நோக்கத்துடன் பொருந்தவில்லை என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்ததில்லை. இவ்வாண்டுப் பட்டியலில், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சாலைச் சந்திப்பை அழகுபடுத்தும் பணிக்குப் பெருந்தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது. அழகுபடுத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. சாய்தளத்தைவிட அது முதன்மையானது என்று யார் முடிவு செய்தார்கள், அந்த முடிவை எடுக்கும்போது மண்டபத்தின் படிகளுக்குக் கீழே நின்றுவிடும் மனிதர்கள் யாருடைய நினைவிலாவது இருந்தார்களா என்பதே என் கேள்வி.

தொழில்நுட்ப மதிப்பீடு என்ற உங்கள் காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு திட்டத்தைப் பற்றி இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதைச் செய்ய முடியுமா, எவ்வளவு செலவாகும், யாருடைய நிலத்தில் அமைகிறது, பராமரிப்பது யார் என்பவை ஒரு வகை. செய்யக்கூடியவை பல இருக்கும்போது எதை முதலில் செய்ய வேண்டும் என்பது மற்றொரு வகை. முதல் வகைக் கேள்விகளுக்குப் பொறியாளரும் கணக்கரும் பதில் சொல்லட்டும். அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. இரண்டாவது கேள்விக்கு எந்தப் பொறியியல் நூலிலும் விடை கிடையாது. சாய்தளமா, தெருவிளக்கா, சிறுவர்களுக்கான வாசிப்பறையா என்பது, அந்த இடத்தில் வாழ்பவர்கள் தங்கள் தேவைகளை ஒன்றோடொன்று எடைபோட்டுச் சொல்ல வேண்டிய விடை. இந்த இரண்டாவது கேள்வியை முதல் கேள்விக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, இரண்டுக்குமே நீங்கள்தான் விடை சொல்ல வேண்டும் என்று வாதிடுவதை எங்களால் ஏற்க இயலவில்லை.

இந்த இரண்டு வேலைகளையும் பிரித்து நடத்த முடியும் என்பது பல ஆண்டுகளாகச் செய்து காட்டப்பட்ட உண்மை. பிரேசிலின் போர்த்து அலெக்ரி நகரத்தில் 1989-இல் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தில், பகுதிவாரியாகக் கூடிய மக்கள் எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தினார்கள். அவற்றின் செலவையும் செயல்படுத்தும் முறையையும் நகராட்சியின் தொழில்நுட்பப் பிரிவினர் மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு நிதி என்பதும் ஒருவருடைய விருப்பத்துக்கு விடப்படவில்லை. மக்கள்தொகை, அடிப்படை வசதிகளின் குறைபாடு, அப்பகுதி மக்கள் வகுத்த முன்னுரிமை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்பட்டது. கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு அளிக்கப்பட்டது. அப்போதும் உங்களுக்கு இன்று எழுந்துள்ள ஐயம் எழத்தான் செய்தது: கிராம சபையில் கூடும் மக்களுக்குத் திட்ட வரைவும் மதிப்பீடும் தெரியுமா என்று கேட்டார்கள். அதற்காக மக்களின் முடிவுரிமையைப் பறிக்கவில்லை. ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் பிற துறை வல்லுநர்களையும் திரட்டித் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்களை அமைத்து, மக்கள் கேட்டவற்றைச் செயல்படக்கூடிய திட்டங்களாகச் செப்பனிட உதவச் செய்தார்கள். நிபுணத்துவம் முடிவுக்குத் துணையாக நின்றது, முடிவைக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. நம் பகுதியிலும் ஓய்வுபெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் கணக்கர்களும் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.

விளைவைப் பற்றியும் கேட்பீர்கள். பிரேசிலில் 1990 முதல் 2004 வரையிலான காலத்துக்கு நகராட்சிகளின் கணக்குகளை ஒப்பிட்டு ஆராய்ந்த சோனியா கொன்சால்வெஸ், மக்கள் பங்கேற்புடன் வரவுசெலவை முடிவு செய்த நகராட்சிகள் சுகாதாரத்துக்கும் கழிவுநீர் வசதிக்கும் கூடுதல் பங்கை ஒதுக்கின என்றும், அங்கே குழந்தை இறப்பு விகிதம் குறைந்தது என்றும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். மக்களிடம் பணத்தைக் கொடுத்தால் வீணடித்துவிடுவார்கள் என்ற அச்சத்தை இதைவிடத் தெளிவாக மறுக்கும் சான்று தேவையில்லை என்றே கருதுகிறேன். தங்களிடம் கேட்கப்பட்டபோது மக்கள் சாக்கடையைக் கேட்டார்கள். திறப்பு விழா நடத்துவதற்குச் சாக்கடை உகந்த பணியன்று. அதனாலேயே அது மேலிருந்து வரும் பட்டியல்களில் எப்போதும் பின்னுக்குப் போய்விடுகிறது.

நாங்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறோமே என்று நீங்கள் சொல்லலாம். அந்தக் கூட்டங்களுக்கு நான் தவறாமல் வந்திருக்கிறேன். வேலை நாளின் முற்பகலில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மாடியில் அவை நடந்தன. கூலி வேலைக்குப் போகிறவர்களும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களும், நான் கவனித்துக்கொள்ளும் முதியவர்களும் அங்கே வர வழியே இல்லை. வந்திருந்த சிலர் எழுதிக் கொடுத்த தாள்களை ஓர் அலுவலர் வாங்கி உறையிலிட்டார். அந்த உறை எங்கே போனது, அதில் இருந்தவற்றில் எது பட்டியலில் இடம்பெற்றது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. இரவுப் பணிக்குச் சென்று திரும்பும் பெண் ஒருவர், பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரையுள்ள பாதையில் விளக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த ஆண்டு அவரை மறுபடியும் வருமாறு அழைத்தபோது, கேட்பதற்காக மட்டும் கூப்பிடுகிறார்கள், கேட்டதைச் செய்வதற்காகக் கூப்பிடும்போது வருகிறேன் என்று சொல்லி மறுத்துவிட்டார். கருத்துக் கேட்பில் கேட்பவர் எதற்கும் கட்டுப்பட்டவராக ஆவதில்லை. வாக்கெடுப்பில் எண்ணிக்கை எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. அதற்கு மாறாக நடப்பதாயின் காரணம் சொல்லியாக வேண்டும். மனுவில் நாங்கள் கேட்டது இந்தக் கட்டுப்பாட்டைத்தான்.

விண்ணப்ப முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அநீதி அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் படிவத்தை நிரப்புவதற்கு முந்தைய ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை, எதிர்பார்க்கும் விளைவுகளின் அளவீட்டுச் சட்டகம், இணை நிதிக்கான உறுதிக் கடிதம் ஆகியவை தேவைப்படுகின்றன. பெரிய நிறுவனங்கள் இவற்றைத் தயாரிப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. மாலையில் வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிற ஒரு தெருக்குழுவால் அவற்றோடு போட்டியிட முடியாது. இதன் விளைவாக, தேவை அதிகமுள்ள இடத்துக்குப் போக வேண்டிய பணம், நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறது. கடந்த ஆண்டுகளின் பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதை நீங்களே காணலாம். அந்த நிறுவனங்கள் நேர்மையற்றவை என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவற்றில் சில நல்ல பணிகளைச் செய்கின்றன. முறைதான் அவற்றுக்குச் சாதகமாக வகுக்கப்பட்டிருக்கிறது. குடியிருப்பாளர் ஒருவர் தம் தேவையை நான்கு வரிகளில் எழுதிக் கொடுத்தால் போதும், மதிப்பீட்டையும் வரைபடத்தையும் அலுவலகம் தயாரித்துத் தரும் என்று விதி இருக்குமானால், முன்மொழிகிறவர்களின் முகங்களே மாறிவிடும்.

இவை வெறும் ஊகங்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் குடியிருப்பாளர் சங்கம் தன் சொந்தப் பொதுநிதியைக் கொண்டு சிறிய அளவில் வாக்கெடுப்பு நடத்திப் பார்த்திருக்கிறது. யோசனைகளைப் பெற்றோம், செலவை விசாரித்தோம், வாக்குச்சீட்டு அச்சிட்டோம், வீடு வீடாகச் சென்று விளக்கினோம். நடக்க முடியாதவர்களிடம் வாக்குப்பெட்டியை எடுத்துச் சென்றோம். அதில் நான் கண்டவற்றுள் முதலாவது, பணிகளுக்கான செலவு குறைந்தது என்பதாகும். சந்து ஒன்றில் விளக்கு அமைக்கப் புதிய கம்பம் நட வேண்டும் என்று மதிப்பிட்டிருந்தோம். வாக்கெடுப்புக்கு முந்தைய கூட்டத்தில், அதே சந்தில் குடியிருக்கும் மின்பணியாளர் ஒருவர், மரத்தின் பின்னால் மறைந்து நிற்கும் பழைய கம்பத்தைக் காட்டினார்; புதிய கம்பத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. அந்தச் செய்தி எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை, அங்கே நடந்து போகிறவருக்கு மட்டுமே தெரியும். இரண்டாவது, தோற்றவர்கள் சண்டையிடவில்லை. தங்கள் யோசனைக்கு எத்தனை வாக்குகள் கிடைத்தன என்று அவர்களே பார்த்தார்கள், அடுத்த முறைக்கு ஆதரவு திரட்டத் தொடங்கினார்கள். உங்கள் பட்டியலில் இடம்பெறாதவர்களிடம் இருக்கும் கசப்பு அவர்களிடம் இல்லை.

மூன்றாவதாக நான் கண்டது எனக்கு வருத்தமளித்தது. அதை மறைக்காமல் சொல்வது அவசியம். முதல் வாக்கெடுப்பில் வென்ற பணிகள் அனைத்தும் முன்தெருக்களுக்கே போயின. அங்கே வீடுகள் அதிகம், ஆகவே வாக்குகளும் அதிகம். எவரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் பின்புறச் சந்துகளில் வாழ்பவர்கள், வாக்களித்தும் எங்கள் பக்கத்துக்கு எதுவும் வரவில்லையே என்று கேட்டபோது எங்களிடம் நேர்மையான பதில் இருக்கவில்லை. வாக்கெடுப்பு நடத்துகிறோம் என்ற பெயரில் சிறுபான்மையினரை ஆண்டுதோறும் வெறுங்கையோடு அனுப்பும் முறையை நீங்கள் கொண்டு வந்துவிடக் கூடாது என்பதால், எண்ணும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வாக்கு எண்ணும் விதி சிறிய விவரமாகத் தோன்றும். எல்லாமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

நூறு வாக்காளர்கள் இருப்பதாகவும், நிதி நூறு பங்குகள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் வாழும் 60 பேர் தலா 30 பங்கு செலவாகும் மூன்று பணிகளை ஆதரிக்கிறார்கள். மறுபக்கத்தில் வாழும் 40 பேர் தலா 20 பங்கு செலவாகும் இரண்டு பணிகளை ஆதரிக்கிறார்கள். அதிக வாக்கு பெற்றவற்றை வரிசையாக எடுத்துக்கொண்டே போவது என்ற வழக்கமான விதியின்படி, 60 வாக்குகள் பெற்ற மூன்று பணிகளும் வென்று 90 பங்கு தீர்ந்துவிடும். மீதமுள்ள பத்துப் பங்கில் எதுவும் செய்ய முடியாது. நூற்றில் 40 பேர் இருந்தும் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த ஆண்டும் இதுவே நடக்கும், அதற்கடுத்த ஆண்டு அவர்கள் வாக்களிக்க வர மாட்டார்கள்.

இதற்குத் தீர்வாகச் சமபங்கு முறை என்ற விதியை ஆய்வாளர்கள் டொமினிக் பீட்டர்ஸும் பியோத்ர் ஸ்கவ்ரோனும் உருவாக்கியிருக்கிறார்கள். அதன்படி, நிதி முழுவதும் வாக்காளர்களிடையே கற்பனையாகச் சமமாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது; நம் எடுத்துக்காட்டில் ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பணியை ஆதரிக்கிறவர்கள் தங்கள் கையிலுள்ள பங்குகளைச் சேர்த்து அதன் செலவை ஈடுகட்ட முடிந்தால் அப்பணி தேர்வாகிறது, அவர்களுடைய பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது. இவ்வாறு எண்ணினால், 60 பேர் தங்களிடமுள்ள 60 பங்குகளில் இரண்டு பணிகளைப் பெறுவார்கள்; 40 பேர் தங்கள் 40 பங்குகளில் இரண்டு பணிகளைப் பெறுவார்கள். நிதி முழுவதும் பயன்படுகிறது, எந்தப் பக்கமும் விடுபடவில்லை. போலந்தின் வியெலிச்காவிலும் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரத்திலும் 2023-இல் உண்மையான நிதியைக் கொண்டே இம்முறையில் வாக்கெடுப்பு நடந்தது. எங்கள் சங்கத்தின் அடுத்த வாக்கெடுப்பில் நாங்களும் இதைக் கைக்கொண்டோம். கணக்கைப் பொதுக்கூட்டத்தில் எல்லோருக்கும் முன்பாகப் போட்டுக் காட்டினோம். பின்புறச் சந்தில் மழைநீர் தேங்கும் இடத்துக்கு வடிகால் கிடைத்தது. முன்தெருவினர் அதை எதிர்க்கவில்லை, ஏனெனில் தங்களுக்குரிய பங்கு தங்களுக்கு வந்திருப்பதை அவர்களே பார்த்தார்கள்.

சிலரே வாக்களிப்பார்கள் என்பது உங்கள் அலுவலர் ஒருவர் என்னிடம் நேரில் சொன்ன மறுப்பு. உண்மைதான், பங்கேற்பு வரவுசெலவு நடைமுறையில் உள்ள பல நகரங்களில், தகுதியுள்ளோரில் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே வாக்களிக்கிறார்கள். ஆனால் இதை எதனோடு ஒப்பிடுகிறோம்? இன்று முடிவெடுப்பவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய அளவினர். ஆயிரக்கணக்கானோருக்குப் பதிலாக நூற்றுக்கணக்கானோர் முடிவெடுப்பது குறை என்றால், அந்த நூற்றுக்கணக்கானோருக்குப் பதிலாக ஒரு சிலர் முடிவெடுப்பது எப்படி நிறைவாகும்? வாக்குப்பதிவு குறைவாக இருப்பது, வாக்கெடுப்பை மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதற்கான காரணம். பள்ளி வாயிலிலும், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்திலும், பணிநேரம் முடிந்த பின் மாலையிலும் வாக்குப்பெட்டி வைக்கலாம். இணையவழி மட்டும் என்று வைத்தால், யாருடைய குரலைக் கேட்பதற்காக இதைத் தொடங்குகிறோமோ அவர்களே வெளியில் நின்றுவிடுவார்கள். காகித வாக்குச்சீட்டு கட்டாயம் இருக்க வேண்டும். வாக்குரிமை, பகுதியில் வாழ்கிறார் என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்பட வேண்டும், சொத்தையோ வரி ரசீதையோ கொண்டு அன்று. வாடகைக்கு இருப்பவரும் அதே இருட்டுப் பாதையில்தான் நடக்கிறார். இளையவர்களையும் சேர்க்க வேண்டும்: பாஸ்டன் நகரம் 2014-இல் பத்து லட்சம் டாலரை 12 முதல் 25 வயது வரையுள்ளோரின் முடிவுக்கு விட்டது. விளையாட்டிடத்தைப் பற்றி முடிவெடுக்க விளையாடுகிறவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

நன்கு ஒழுங்கமைந்த குழுக்கள் வாக்குகளைத் திரட்டி வென்றுவிடும் என்பது வலுவான மறுப்பு. சமபங்கு முறை அதைப் பெருமளவு தடுக்கிறது, முழுமையாகத் தடுக்காது. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கான தங்குமிடம், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கான உதவி, போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களுக்கான பணி ஆகியவை பொதுமக்களின் விருப்பப் போட்டியில் வெல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அவற்றின் பயனாளிகள் வெளியே வந்து வாக்குக் கேட்க முடியாதவர்கள். ஆகவே மானியம் முழுவதையும் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இத்தகைய பணிகளுக்கென ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, வெளிப்படையான அளவுகோல்களின்படி உங்கள் குழுவே முடிவு செய்யட்டும். தெரு, மண்டபம், பூங்கா, விளக்கு, வாசிப்பறை போன்று எல்லோரும் பயன்படுத்தும் இடங்களுக்கான மானியம் எங்கள் வாக்குக்கு வரட்டும்.

வாக்கெடுப்பு என்ற பெயர் மட்டும் இருந்து, உள்ளடக்கம் உங்கள் கையிலேயே தங்கிவிடும் வாய்ப்பும் உண்டு. எந்த யோசனை வாக்குச்சீட்டில் இடம்பெறலாம் என்பதை முடிவு செய்யும் சாத்தியக்கூறு ஆய்வில்தான் அந்த அதிகாரம் ஒளிந்திருக்கும். நூறு யோசனைகளில் தொண்ணூற்றைக் காரணம் சொல்லாமல் நீக்கிவிட்டு, மீதிப் பத்தில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னால், பழைய பட்டியலுக்குப் புதிய முத்திரை குத்தியதாகவே முடியும். ஆகையால், நீக்கப்படும் ஒவ்வொரு யோசனைக்கும் எழுத்தில் காரணம் வேண்டும். முன்மொழிந்தவர் அதைத் திருத்தித் தர அவகாசம் வேண்டும். ஆய்வு நடக்கும் கூட்டங்களில் குடியிருப்பாளர்களிடையே குலுக்கல் முறையில் தெரிவு செய்யப்பட்டவர்கள் அமர வேண்டும். வென்ற பணி எந்த நிலையில் இருக்கிறது, பணம் எவ்வளவு செலவாகியிருக்கிறது, தாமதமாயின் ஏன் என்பதை எவரும் பார்க்கும்படி தொடர்ந்து வெளியிட வேண்டும். வாக்களித்த பணி ஆண்டுக்கணக்கில் தொடங்கப்படாமல் கிடந்தால், வாக்கே கேட்காமல் இருந்ததைவிட அதிக அவநம்பிக்கை உண்டாகும்.

இந்த உரிமை ஒருவருடைய நல்லெண்ணத்தில் மட்டும் நிற்கவும் கூடாது. சிகாகோவின் 49-ஆவது வட்ட உறுப்பினர் ஜோ மூர், தம் விருப்பப்படி செலவிடலாம் என்று ஆண்டுதோறும் தமக்கு அளிக்கப்பட்ட ஏறத்தாழ 13 லட்சம் டாலரை எப்படிச் செலவிடுவது என்ற முடிவை 2009-இல் தாமாகவே குடியிருப்பாளர்களிடம் ஒப்படைத்தார். அமெரிக்காவில் அதுவே முதல் முயற்சி. கையிலிருக்கும் அதிகாரத்தை ஒருவர் தாமே முன்வந்து பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு அவர் சான்று, உங்களிடமும் அதையே எதிர்பார்க்கிறேன். ஆனால் உலகுக்கு வழிகாட்டிய போர்த்து அலெக்ரியிலேயே, நிர்வாகம் மாறிய பின், 2017-இல் இந்த நடைமுறை நிறுத்திவைக்கப்பட்டது. மாறாக, பெரு நாடு 2003-இலும் தென்கொரியா 2011-இலும் இதைச் சட்டத்தின் வழியே உள்ளாட்சிகளுக்குக் கட்டாயமாக்கின. போலந்து 2018-இல் இயற்றிய சட்டம், மாவட்டத் தகுதி பெற்ற நகரங்கள் தங்கள் செலவில் குறைந்தது 0.5 விழுக்காட்டை இவ்வாறு மக்கள் முடிவுக்கு விட வேண்டும் என்கிறது. நாடு தழுவிய சட்டம் இயற்றுவது உங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. உங்கள் மானிய விதிகளைத் திருத்துவது உங்கள் அடுத்த கூட்டத்திலேயே முடியக்கூடியது.

எனவே எங்கள் கோரிக்கைகளை ஐயத்துக்கு இடமில்லாமல் இங்கே வைக்கிறேன். மனுவை நிராகரித்த முடிவைத் திரும்பப் பெற்று, அதைப் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும் கூட்டத்தில் மறுபடியும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தைப் படியேறாமல் நுழையக்கூடிய இடத்தில், மாலை வேளையில் நடத்துங்கள். இவ்வாண்டுப் பட்டியலில் ஏற்கப்பட்ட, விடப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உரிய காரணத்தை எழுத்தில் வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு மானியத்தில் பொது இடங்களுக்கான பகுதியை, அது மொத்த நிதியில் பாதிக்குக் குறையாதவாறு, குடியிருப்பாளர்களின் வாக்கெடுப்புக்கு விடுங்கள்; அதன் முடிவு குழுவைக் கட்டுப்படுத்தும் என்பதை விதியாக எழுதுங்கள். சிறுபான்மைப் பகுதிகள் விடுபடாத வகையில் சமபங்கு முறையில் வாக்குகளை எண்ணுங்கள். நான்கு வரியில் யோசனை தரும் எளிய படிவத்தையும், அதற்கு மதிப்பீடு தயாரித்துத் தரும் அலுவலர் ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். நீக்கப்படும் யோசனைகளுக்கான காரணங்களையும், வென்ற பணிகளின் முன்னேற்றத்தையும், செலவுக் கணக்கையும் மாதந்தோறும் அலுவலக வாயிலிலும் இணையத்திலும் அறிவியுங்கள்.

எங்கள் சங்கம் நடத்திய வாக்கெடுப்புகளின் வாக்குச்சீட்டு மாதிரிகளையும், எண்ணிக்கைத் தாள்களையும், செலவுக் கணக்குகளையும் உங்கள் குழுவிடம் ஒப்படைக்கவும், வாக்கெடுப்பை நடத்தத் தன்னார்வலர்களைத் தரவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். இம்மடல் கிடைத்த முப்பது நாட்களுக்குள், மேற்கண்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக, ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்பதையும், மறுத்தால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மானிய எல்லைக்குள் வாழும் குடியிருப்பாளர் ஒருவர்